7. கடலுக்குப் போட்ட கணக்கு

1955 ஏப்ரல் 18. ரோம் நகரில், காரகல்லா குளியல் மாளிகையின் இடிபாடுகளுக்கு அருகே இருக்கும் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத் தலைமையகத்தில் ஒரு மாநாடு தொடங்கியது. ‘கடலின் உயிர்வளங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேசத் தொழில்நுட்ப மாநாடு’ என்று நீளமான பெயர். மே 10 வரை நடந்தது. மீன்களின் பெருக்கத்தைக் கணிதத்தில் எழுதத் தெரிந்த உயிரியலாளர்கள் வந்திருந்தார்கள். தத்தம் அரசுகளின் உத்தரவோடு அதிகாரிகளும் வந்திருந்தார்கள். ஒரு கடலில் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று இன்று ஓர் அரசு முடிவு செய்யும்போது, அந்த மூன்று வாரங்களில் ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து ஒன்று பெரும்பாலும் அதன் அடியில் இருக்கும்.

முதலில் உண்மையைக் கண்டுபிடிப்பார்கள், பிறகு அதை வைத்துச் சட்டம் எழுதுவார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். ரோமில் நடந்தது ஏறக்குறைய தலைகீழ். சட்டம் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. அதற்குத் தோதான கணக்கு ஒன்று தயாராக இருந்தது.

இருநூறு மைல் சண்டை

சண்டையின் தொடக்கம் அமெரிக்காவிலிருந்துதான். 1945 செப்டம்பரில் அதிபர் ட்ரூமன், தன் நாட்டுக் கரையை ஒட்டிய ஆழ்கடலில் மீன்வளப் பாதுகாப்பு மண்டலங்களை அமைக்கும் உரிமை அமெரிக்காவுக்கு உண்டு என்று அறிவித்தார். தென் அமெரிக்க நாடுகள் அதைக் கூர்ந்து படித்தன. 1947-ல் சிலியும் பெருவும் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை தங்களுடையது என்றன. 1952-ல் ஈக்வடாரும் சேர, மூன்று நாடுகளும் சாண்டியாகோவில் கூட்டாக அதையே பிரகடனம் செய்தன.

இது அமெரிக்காவுக்கு நேரடி இடி. கலிபோர்னியாவின் சான் டியேகோவிலிருந்து புறப்படும் சூரைப் படகுகள் அந்தக் கடல்களில்தான் தொழில் செய்தன. அன்று சூரையைப் பிடித்தது தூண்டில் கழியால். உயிருள்ள சின்ன மீன்களைக் கடலில் வாரி இறைத்து, சூரைக் கூட்டத்தைப் படகருகே வரவழைத்துப் பிடிப்பார்கள். அந்த இரைமீன் கிடைத்தது மத்திய, தென் அமெரிக்கக் கரையோரங்களில். கரை மூடப்பட்டால் தொழில் படுத்துவிடும்.

1954 நவம்பரில் விவகாரம் முற்றியது. கப்பல் முதலாளி அரிஸ்டாட்டில் ஒனாசிஸின் திமிங்கில வேட்டைக் கப்பல்களை, 200 மைல் எல்லைக்குள் நுழைந்ததாகச் சொல்லி, பெருவின் கடற்படை பிடித்துக்கொண்டது. 30 லட்சம் டாலர் அபராதம். அடுத்த மாதமே ஐ.நா. பொதுச்சபை, ரோமில் ஒரு மாநாட்டைக் கூட்டத் தீர்மானம் போட்டது. அறிவியல், தொழில்நுட்பப் பரிந்துரைகளை மட்டும் தர வேண்டும், கடல் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கை முன்கூட்டித் தீர்க்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த வழக்கு சர்வதேசச் சட்ட ஆணையத்தின் முன் இருந்தது. மாநாட்டின் அறிக்கை போக வேண்டிய இடமும் அதே ஆணையம்தான்.

வளைகோடு

இனி கணக்குக்கு வருவோம். 1838-ல் பெல்ஜியக் கணிதவியலாளர் பியர் வெர்ஹூல்ஸ்ட் மக்கள்தொகை வளர்ச்சிக்கு ஒரு சமன்பாடு எழுதினார். எந்த உயிரினமும் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது வேகமாகப் பெருகும். இடமும் இரையும் நெருக்கடியாகும்போது வேகம் குறையும். ஓர் உச்சத்தைத் தொட்டதும் பெருக்கம் நின்றுவிடும். 1935-ல் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் மீன்வள ஆய்வகத்தைச் சேர்ந்த மைக்கேல் கிரகாம் இதை வட கடல் மீன்களுக்குப் பொருத்திப் பார்த்தார். முதல் உலகப் போரின்போது வட கடலில் மீன்பிடிப்பு பெருமளவு குறைந்திருந்தது. போர் முடிந்து வலை போட்டவர்களுக்கு மீன் அள்ள அள்ளக் கிடைத்தது. யாரும் திட்டமிடாத அந்தப் பரிசோதனை, பிடிப்பதைக் குறைத்தால் கடலில் மீன் கூடும் என்று காட்டிவிட்டது.

ஒரு கடலில் ஒரு வகை மீன் அதிகபட்சம் 1,00,000 டன் வாழ முடியும் என்று வைத்துக்கொள்வோம். நெருக்கடியே இல்லாத நிலையில் அது ஆண்டுக்கு 40 விழுக்காடு பெருகும். இருப்பு 20,000 டன்னாக இருந்தால், வெர்ஹூல்ஸ்ட் கணக்குப்படி ஓராண்டில் 6,400 டன் கூடும். 50,000 டன்னாக இருந்தால் 10,000 டன் கூடும். 80,000 டன்னில் மறுபடி 6,400. முழு 1,00,000 டன்னும் இருந்தால் கூடுவது பூஜ்யம். படமாக வரைந்தால் குன்று போன்ற ஒரு வளைகோடு கிடைக்கும். குன்றின் உச்சி, இருப்பு சரிபாதியாக இருக்கும் இடத்தில். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுத்துச் சாப்பிடுவது போல, இருப்பைப் பாதியில் நிறுத்தி ஆண்டுதோறும் 10,000 டன்னைப் பிடித்துக்கொண்டே போகலாம். இதற்கு நீடித்த உச்ச விளைச்சல் என்று பெயர். ஆங்கில எழுத்துகளில் சுருக்கி எம்.எஸ்.ஒய். என்பார்கள்.

இந்த வளைகோடு அரசியலுக்குள் நுழைந்தது 1949 ஜனவரியில். அமெரிக்க வெளியுறவுத் துறையில் மீன்வளப் பொறுப்பில் இருந்த மீனியலாளர் வில்பர்ட் சாப்மன், ஆழ்கடல் மீன்பிடிப்பு பற்றிய அமெரிக்கக் கொள்கையை இந்தக் குன்றின் மேல் கட்டினார். மீன்பிடிப்பு உச்சியைத் தாண்டிவிட்டது என்று அறிவியல் காட்டினால் மட்டும் கட்டுப்பாடு வரலாம். உச்சியை எட்டாத கடலில் பிடிக்காமல் விடும் மீன், மனிதகுலத்துக்குப் போகாமல் வீணாகும் உணவு. இதைத் தென் அமெரிக்கக் கரையில் நின்று படித்துப் பாருங்கள்: உங்கள் கடலில் சூரை குறைந்துவிட்டது என்று நீங்கள் நிரூபிக்கும் வரை எங்கள் படகுகள் வரும். வட பசிபிக்கில் நின்று படித்தால் வேறு பொருள் வரும். அங்கே சால்மனையும் ஹாலிபட்டையும் நாங்கள் ஏற்கெனவே உச்சி வரை பிடித்துவிட்டோம், ஆகவே ஜப்பான் விலகி நிற்கட்டும். 1952-ல் அமெரிக்கா, கனடா, ஜப்பான் மூன்றும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அந்த விலகல் எழுதப்பட்டது. ஒரே வளைகோடு ஒரு கடலில் கதவைத் திறந்தது, இன்னொரு கடலில் மூடியது. வரலாற்றாசிரியர் கார்மல் ஃபின்லி 2011-ல் வெளியிட்ட நூல் இந்த அரசியலை விரிவாக ஆராய்கிறது.

கொள்கை 1949-ல் வந்தது. அதைத் தாங்கும் முழுக் கணக்குமுறை 1954-ல்தான் வந்தது. எழுதியவர் மில்னர் ஷேஃபர், அமெரிக்க நாடுகளிடைச் சூரை ஆணையத்தின் ஆய்வு இயக்குநர். அவருடைய முறையின் கவர்ச்சி அதன் எளிமை. மீனின் வயது தெரிய வேண்டாம், முட்டையிடும் பருவம் தெரிய வேண்டாம், ஆய்வுக் கப்பல் வேண்டாம். துறைமுகத்தில் எத்தனை படகு எத்தனை நாள் போய் எவ்வளவு மீன் கொண்டுவந்தது என்ற பதிவேடு போதும். ஒரு படகுக்கு ஒரு நாளில் கிடைக்கும் மீன் பாதியாகக் குறைந்தால், கடலிலும் மீன் பாதியாகக் குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். குன்றின் உச்சியை அதிலிருந்து கண்டுபிடிக்கலாம்.

ஷேஃபரும் கிரகாமும் ரோம் மாநாட்டுக்குக் கட்டுரை எழுதினார்கள். மாநாட்டின் முடிவு இதுதான்: கடல் உயிர்வளப் பாதுகாப்பின் முதன்மை நோக்கம், உணவும் பிற கடற்பொருள்களும் மிக அதிகமாகக் கிடைக்கும்படி நீடித்த விளைச்சலைப் பெறுவது. 1958-ல் ஜெனீவாவில் கையெழுத்தான மீன்பிடிப்பு ஒப்பந்தத்தில் இந்த வாசகம் ஏறக்குறைய அப்படியே ஏறியது. 1982-ன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை எம்.எஸ்.ஒய்.யைப் பெயர் சொல்லியே எழுதியது. கடலோர நாடுகளுக்கு 200 மைல் கிடைத்தது. அந்த 200 மைலுக்குள் அமெரிக்கா கொண்டுவந்த கணக்கும் கூடவே வந்தது.

பத்து விழுக்காடு பிழை

கணக்கு தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் அதன் குணம் ஒன்றை அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன கடலையே எடுத்துக்கொள்வோம். இருப்பு 50,000 டன். சரியான விளைச்சல் 10,000 டன். நம் விஞ்ஞானி அதை 11,000 என்று கணித்துவிடுகிறார். வெறும் 10 விழுக்காடு பிழை. கடல் ஆய்வில் இதைவிடத் துல்லியம் கேட்பது பேராசை. அரசும் ஆண்டுக்கு 11,000 டன்னுக்கு அனுமதி கொடுக்கிறது.

முதல் ஆண்டில் 1,000 டன் குறைகிறது. இருப்பு 49,000. அடுத்த ஆண்டு கிட்டத்தட்ட 48,000. ஐந்தாண்டு முடிவில் 44,900. பத்தாண்டு முடிவில் 38,700. இதுவரை யாரும் கவலைப்படக் காரணமில்லை. பிடிபடும் மீன் ஆண்டுக்கு அதே 11,000 டன். ஆனால் இருப்பு பாதிக்குக் கீழே போகப் போக ஆண்டுப் பெருக்கமும் சுருங்குகிறது, பள்ளம் ஆழமாகிறது. பதினைந்தாம் ஆண்டில் 29,300. இருபதாம் ஆண்டில் 8,900. இருபத்தொன்றாம் ஆண்டு முடிவில் 1,200 டன் மிச்சம். அந்த ஆண்டும் 11,000 டன் கரைக்கு வந்திருக்கிறது. இருபத்திரண்டாம் ஆண்டில் பிடிக்க அவ்வளவு மீன் இல்லை.

துறைமுகப் பதிவேட்டின் மொத்தக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, சரிவு கடைசி ஆண்டில்தான் தெரியும். உச்சியில் நிற்கப் பார்ப்பவன் ஓரடி தப்பினால் எந்தப் பக்கம் விழுவான் என்பதை இந்த வளைகோடு சொல்வதில்லை.

பெரு

நிஜக் கடல் இன்னும் கடுமையானது. பெருவின் நெத்திலி மீன்பிடிப்பு 1960-களில் உலகிலேயே பெரியது. அந்த நெத்திலி மனிதர் சாப்பிட அல்ல. அரைத்து மாவாக்கி, பண்ணைக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக வெளிநாடு போனது. கடலில் அதே நெத்திலியை நம்பி நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் லட்சக்கணக்கில் இருந்தன. ஷேஃபர் தன் கடைசி ஆண்டுகளில் இந்தப் பறவைகள் தின்னும் மீனையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார். நீடித்த உச்ச விளைச்சல் ஆண்டுக்குச் சுமார் 95 லட்சம் டன் என்று மதிப்பிட்டார்கள். ஆலைகளும் படகுகளும் அதைவிட அதிகம் பிடிக்கும் அளவுக்குப் பெருகியிருந்தன. 1970-ல் பிடிபட்டது 1.2 கோடி டன்னுக்கு மேல்.

1972-ல் எல் நினோ வந்தது. கடலின் ஆழத்திலிருந்து மேலே வரும் குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் நின்றுபோய், வெதுவெதுப்பான நீர் கரையை மூடியது. நெத்திலி குஞ்சு பெருகவில்லை. மிஞ்சிய மீன்கள் குளிர்ந்த நீர் தேடிக் கரையோரம் ஒடுங்கின, அங்கே வலைகள் காத்திருந்தன. 1973-ல் பிடிபட்டது ஏறத்தாழ 20 லட்சம் டன். அந்த ஆண்டே அரசு தொழிலைத் தேசியமயமாக்கியது.

ஷேஃபரின் சமன்பாட்டில் கடலின் தாங்குதிறன் ஒரு மாறாத எண். நம் உதாரணத்தில் அது 1,00,000 டன். பெருவின் கடலில் அந்த எண் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவிழ்ந்துவிடும். நல்ல ஆண்டுகளில் அளந்து எடுத்த உச்சி, கெட்ட ஆண்டுக்குப் பொருந்தாது.

நியூஃபவுண்ட்லாந்து

கனடா எச்சரிக்கையான நாடு. 1977-ல் தன் 200 மைலை வேலி கட்டிக்கொண்டபின், உச்சி வரை போக வேண்டாம், அதற்கும் கீழேயே நிற்கலாம் என்று நியூஃபவுண்ட்லாந்தின் காட் மீனுக்கு விதி செய்தது. 1968-ல் அந்நிய இழுவைக் கப்பல்கள் உட்பட எல்லோரும் சேர்ந்து 8 லட்சம் டன்னுக்கு மேல் வாரியெடுத்த கடல் அது. 1980-களின் பிற்பகுதியில் அனுமதி இரண்டரை லட்சம் டன்னைச் சுற்றி இருந்தது. அங்கே பயன்பட்டது ஷேஃபரின் எளிய வாய்பாடு இல்லை, மீனை வயது வாரியாகக் கணக்கிடும் நுட்பமான முறை. ஆனால் அந்தக் கணக்கைச் சரிபார்க்க இரண்டு சான்றுகள் இருந்தன. ஒன்று ஆய்வுக் கப்பலின் மாதிரி வலை. மற்றது பெரிய இழுவைக் கப்பல்களின் ஒரு மணிநேரப் பிடி. முதலாவது குறைவாகக் காட்டியது, இரண்டாவது அமோகமாகக் காட்டியது. இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

இழுவைக் கப்பலுக்கு மீன் குறையாமல் கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. எண்ணிக்கை குறையக் குறைய காட் மீன்கள் பரவி இருப்பதை விட்டு, நல்ல இடங்களில் கூட்டமாக அடர்ந்துகொண்டன. எதிரொலிக் கருவியால் கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் கப்பலுக்குக் கடைசிக் கூட்டம் வரை வலை நிறையும். கரையோரத்தில் ஒரே இடத்தில் பொறிவலை கட்டிக் காத்திருந்த சின்ன மீனவர்களுக்கு மீன் வரவில்லை. 1980-களின் நடுவிலேயே அவர்கள் புகார் சொல்லிவிட்டார்கள். அந்தப் புகாருக்குச் சமன்பாட்டில் இடம் இல்லை.

1992 ஜூலை 2-ஆம் தேதி மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி காட் மீன்பிடிப்பை நிறுத்தினார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். இரண்டு ஆண்டுத் தடை என்றுதான் அறிவித்தார்கள். வணிக மீன்பிடிப்பு மீண்டும் திறக்கப்பட்டதாக அரசு அறிவித்தது 2024-ல். அனுமதித்த அளவு 18,000 டன்.

எண்ணுக்குப் பதில் விதி

எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. கனடாவின் மீன்வள அறிஞர் பீட்டர் லார்க்கின் 1977-ல் வெளியிட்ட கட்டுரை, எம்.எஸ்.ஒய். என்ற கருத்துக்கு எழுதிய கல்லறை வாசகம், தலைப்பும் அதுவே. ஒரு மீனைத் தனியே பிரித்து உச்சி கணக்கிட முடியாது, அது இன்னொரு மீனைத் தின்னும், இன்னொன்றுக்கு இரையாகும். ஒரே பெயருள்ள மீனுக்குள்ளும் பலவீனமான கிளைக்கூட்டங்கள் முதலில் அழியும் என்று அவர் அடுக்கினார். கல்லறை எழுப்பியும் கருத்து சாகவில்லை. சட்டத்துக்கு ஓர் எண் தேவை, எண் தரும் கணக்கு வேறு இல்லை.

வழி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1975-ல் எம்.எஸ்.ஒய். அடிப்படையில் வேட்டை அளவுகளை நிர்ணயிக்கத் தொடங்கி, தேவையான தரவு இல்லாமல் திணறி, 1982-ல் வணிக வேட்டையையே நிறுத்த முடிவு செய்தது. அதன்பின் அதன் விஞ்ஞானிகள் கேள்வியை மாற்றிப் போட்டார்கள். கடலில் எத்தனை திமிங்கிலம் இருக்கிறது என்பதைத் துல்லியமாக அறியவே முடியாது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டார்கள். பிறகு கணினிக்குள் பல கற்பனைக் கடல்களை உருவாக்கினார்கள். ஒன்றில் கணக்கெடுப்பு இரு மடங்கு மிகைப்பட்டது, ஒன்றில் பழைய வேட்டைப் பதிவேடு பொய், ஒன்றில் தாங்குதிறன் பாதியாகச் சரிகிறது. ஒவ்வொரு கடலிலும் ஒரு வேட்டை விதியை நூறு ஆண்டுக்கு ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் திமிங்கிலம் பிழைக்கும் விதி எதுவோ அதையே எடுத்துக்கொண்டார்கள். இருப்பு ஆதிநிலையின் 54 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வேட்டை பூஜ்யம் என்பது அதில் ஓர் அம்சம். 1994-ல் ஆணையம் இதை ஏற்றது. வேட்டைத் தடை தொடர்வதால் அந்த விதியை ஆணையம் வணிக வேட்டைக்குப் பயன்படுத்தவில்லை. முறை மட்டும் மற்ற மீன்பிடிப்புகளுக்குப் பரவியது. இன்று அதை மேலாண்மை உத்திச் சோதனை என்கிறார்கள்.

பலன் உண்டா? தெற்கு நீலத்துடுப்புச் சூரை 2011-ல் ஆதி இருப்பில் சுமார் 5 விழுக்காடாகத் தேய்ந்திருந்தது. அந்த ஆண்டு அதைப் பிடிக்கும் நாடுகள், இப்படிச் சோதித்துத் தேர்ந்த ஒரு விதியை ஏற்றன. புதுத் தரவு வரும்போதெல்லாம் அனுமதி அளவு விதிப்படி தானே மாறும். பேரம் பேச இடம் குறைவு. 2020-ல் இருப்பு சுமார் 20 விழுக்காட்டை எட்டியது.

சட்டமும் மெதுவாகத் திரும்பியது. 1995-ன் ஐ.நா. மீன்வள ஒப்பந்தம், எம்.எஸ்.ஒய். தரும் மீன்பிடிப்பு வேகத்தை எட்ட வேண்டிய இலக்காக வைக்காமல், தாண்டக் கூடாத எல்லையாக வைத்தது. ரோம் மாநாட்டுக்கும் அதற்கும் நாற்பது ஆண்டு இடைவெளி.

நம் கடல்

வெப்ப மண்டலக் கடலில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். ராமேஸ்வரத்திலோ நாகப்பட்டினத்திலோ ஒரு விசைப்படகு இழுவலையை மேலே தூக்கினால் இறால், கணவாய், காரல், சங்கரா, திருக்கை எல்லாம் ஒன்றாக வரும். இறாலும் காரலும் சீக்கிரம் வளர்ந்து பெருகுபவை. திருக்கை மெதுவாக வளரும், குட்டியும் குறைவு. இறாலுக்கு உச்சியாக இருக்கும் வலை, திருக்கைக்குப் பாதாளம். தனித்தனி மீனுக்குத் தனித்தனி ஒதுக்கீடு என்பது இந்த வலையில் நடக்காது. 1947-ல் தொடங்கி இன்று கொச்சியிலிருந்து இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், இறங்குதளங்களில் மாதிரி எடுத்து நாட்டின் பிடி அளவை மதிப்பிடுகிறது. இந்தியக் கடலின் விளைதிறன் ஆண்டுக்கு 53.1 லட்சம் டன் என்பது 2018-ன் அதிகாரபூர்வ மதிப்பீடு. ஆனால் நடைமுறையில் முக்கியக் கட்டுப்பாடு என்று இருப்பது டன் கணக்கில் அல்ல, நாள் கணக்கில். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முரட்டுத்தனமான கருவிதான். ஆனால் கடலில் எத்தனை டன் மீன் இருக்கிறது என்ற கணிப்பு தப்பினாலும் அது வேலை செய்யும்.

உணவு வேளாண் நிறுவனத்தின் கணக்குப்படி, உலகின் கடல் மீன் இருப்புகளில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டவை 1974-ல் சுமார் 10 விழுக்காடு, 2021-ல் 37.7 விழுக்காடு. அளவு எது என்று சொல்வது இன்றும் அதே குன்றின் உச்சிதான். ரோமில் கூடியவர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் கையில் கணினி இல்லை, எல் நினோவைப் பற்றிய முழு அறிவு இல்லை, ஆனால் அரசுகளின் அவசரம் இருந்தது. அவர்கள் செய்த தவறு, தற்காலிகமான ஒரு கருதுகோளைச் சட்ட வாசகமாக உறைய வைத்தது. மீன் குறைந்துவிட்டது என்று நிரூபிக்கும் சுமையைக் கடலோர நாடுகளின் தலையில் ஏற்றியது.

மீனோடு இது முடிவதில்லை. நிலத்தடி நீரில் ஆண்டுக்கு இவ்வளவு எடுக்கலாம், ஆற்றில் இத்தனை லாரி மணல் அள்ளலாம், காட்டில் இவ்வளவு மரம் வெட்டலாம் என்று மாதிரிக் கணக்குகள் எண்களைத் தந்துகொண்டே இருக்கும். எண் வேண்டும், எண் இல்லாமல் நிர்வாகம் இல்லை. அடுத்த முறை அப்படி ஓர் எண் உங்கள் ஊருக்கு வரும்போது, இது எவ்வளவு துல்லியம் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். இந்த எண் பத்து விழுக்காடு தப்பானால் என்ன ஆகும், தப்பியது எத்தனை ஆண்டில் தெரியும், தெரிந்தபின் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் இல்லாத கணக்கை ஏற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.